நீலாம்பாள் வீட்டு நிலைப்படி

வீடு கட்டப் போறேன்னு நான் சொன்ன அன்னைக்கு எங்க தெருவுல பாதிப் பேரு சிரிச்சாங்க. மீதிப் பேரு எனக்குக் கோட்டி பிடிச்சுட்டுன்னு முடிவே கட்டிட்டாங்க. நேர்ல வந்து யாரும் சொல்லல. என் நாக்குன்னா அவங்களுக்கு அவ்வளவு பயம்.

திருநெல்வேலி டவுண்ல எங்க பூர்வீக வீட்ல, தம்பி அம்பலவாணன் குடும்பத்தோட இருந்தேன். தம்பி தங்கமானவன். அவன் பொண்டாட்டி சித்ரலேகாவும் அப்படித்தான், ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா அந்த வீட்டுக்கு முன்னால ஆள் ஒசரத்துக்குப் படிக்கட்டு. நான் கைக்குழந்தையில இளம்பிள்ளைவாதம் வந்தவ, சக்கர நாற்காலிதான் எனக்குக் காலு. பாளையங்கோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குதேன். பின்னால கூடுதலா சக்கரம் வச்ச ஸ்கூட்டர் இருக்கு. தெருவுல எறக்கி அதுல உக்கார வச்சுட்டா ஜில்லா பூரா ஒத்தையில சுத்திட்டு வந்துருவேன். அந்தத் தெருவுல எறங்கதுதான் பாடு. தம்பி ஒரு பக்கம், எதுத்த வீட்டுக்காரர் ஒரு பக்கம் நின்னு என்னை நாற்காலியோட தூக்கணும். எதுத்த வீட்டுக்காரர் குளிச்சிட்டு இருந்தா அவர் துவட்டிக்கிட்டு வார வரைக்கும் நான் நடையில காத்துக் கெடக்கணும். ஒரு காப்பிப்பொடி வாங்கப் போனாக்கூட "எதுக்கு நீ போற, நான் வாங்கியாரேன்"னு ஒரு பஞ்சாயத்து. நாப்பத்தாறு வயசுல எனக்கு அது போதும்னு ஆயிட்டு. என் வாசலை நானே தாண்டணும், வேற ஒரு ஆசையும் எனக்குக் கெடையாது. அதுக்குத்தான் பேட்டைக்கு அங்கிட்டு ஒரு மனை வாங்கினேன்.

மொதல்ல வந்த காண்ட்ராக்டர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எல்லாத்தையும் தம்பி மூஞ்சியைப் பாத்தே கேட்டான். "சாருக்கு எத்தனை பெட்ரூம் வேணும்?" "சாருக்கு ஒண்ணும் வேண்டாம், வீடு எனக்கு"ன்னேன். அப்பவும் தம்பியைப் பாத்துத்தான் சிரிச்சான். அடுத்து வந்தவரு ரொம்ப அக்கறைக்காரரு. "தனியாவா இருக்கப் போறிய? திடீர்னு தண்ணி கிண்ணி வேணும்னா என்ன செய்விய?"ன்னு கேட்டாரு. "கொழாயத் தொறப்பேன்"னு சொன்னேன். மனுசன் காப்பியைக்கூடக் குடிச்சு முடிக்கல, எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதுக்குப் பெறகு வந்தவன்தான் செந்தில்முருகன், ஏரல்காரன். வந்ததும் என் முகத்துக்கு நேரா வார மாதிரி தரையில குத்தவச்சு உக்காந்தான். டேப்பை எடுத்து என் நாற்காலியை அளந்தான். கையை நீட்டச் சொல்லி எட்டுத ஒசரத்தை அளந்தான். "எக்கா, அடுப்பு மேடைக்குக் கீழ காலியா விட்ருவோம். அப்பத்தான் ஒங்களுக்கு முட்டி உள்ள போவும்"னான். நான் சொல்லாமலே சொன்னான் பாத்துக்கிடுங்க. எனக்கு அவனை அவ்வளவு பிடிச்சுப் போச்சு. அன்னைக்கே வெத்தலை பாக்கு வச்சுப் பேசி முடிச்சிட்டேன்.

அவன்கிட்ட நான் அழுத்திச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "தெருவுலருந்து வீட்டுக்குள்ள சரிவு. அப்பறம் கொல்லை வரைக்கும் தரை ஒரே மட்டம். நிலைக்குக் கீழ்ப்படி வைக்கவே கூடாது."

நிலைன்னா வாசக்கதவைத் தாங்குத மரச்சட்டம். மேல ஒரு கட்டை, ரெண்டு பக்கம் ரெண்டு காலு, கீழ குறுக்க ஒரு படி. அந்தக் கீழ்ப்படியில லட்சுமி இருக்கான்னு மஞ்சப் பூசிக் குங்குமம் வைக்கது நம்ம ஊரு வழக்கம். அதுல உக்காரக் கூடாது, மிதிக்கக் கூடாதும்பாங்க. எனக்கு லட்சுமி மேல ஒரு கோவமும் கெடையாது. அந்தக் கட்டை தரைக்கு மேல நாலு விரக்கடை நின்னாலே என் முன்சக்கரம் தாண்டாது, அவ்வளவுதான் விசயம்.

"ஒங்க வீடு, ஒங்க இஷ்டம்க்கா. கேட்ட மாதிரி முடிச்சுத் தாரேன்"னு நெஞ்சுல தட்டிச் சொன்னான்.

தை மாசம் நிலை வைக்க நாள் குறிச்சோம். அஸ்திவாரம் முடிஞ்சு தரைமட்டத்துக்கு வந்திருந்துச்சு. வேன் பிடிச்சுச் சொந்தபந்தம் எல்லாம் வந்து எறங்கிட்டு. நிலையைச் செந்தில்முருகன் ஏரல்லருந்தே கொண்டு வந்தான். சிவப்புத் துணி சுத்தியிருந்துச்சு. பிரிச்சாங்க. நல்ல தேக்கு. மேல கட்டையில தாமரை செதுக்கி, கஜலட்சுமி வச்சு, பாத்தவங்க எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. நான் மட்டும் கீழ பாத்தேன். என் முழங்கை தண்டிக்கு ஒரு படி குறுக்க கெடந்துச்சு.

"என்னப்பா இது?"

அவன் முகம் பூரா சிரிப்பு. "எக்கா, இது என் அன்பளிப்பு. ஏரல் ஆசாரிகிட்டச் சொல்லி, பாத்துப் பாத்துச் செய்யச் சொன்னேன். நீங்க தனியாளு. லட்சுமியாச்சும் வீட்டுக்குக் காவலா இருக்கட்டும்னு நெனச்சேன்."

படியை எடுத்துட்டு வைன்னு சொன்னேன். ஐயர் நல்ல நேரம் முடியப் போவுதுன்னு அவசரப்படுத்தினாரு. ஒரு பெரியப்பா, நல்ல காரியத்துல அவயம் போட்டுக் கத்தாதன்னு என்னை ஏசினாரு. தம்பி காதுக்குள்ள வந்து, "அக்கா, பெறகு ஒரு சரிவுப் பலகை போட்டுக்கிடலாம்"னான். நான் வேண்டாம் வேண்டாம்னு கத்திக்கிட்டு இருக்கும்போதே நவதானியத்தைப் போட்டு, பாலை ஊத்தி, நிலையைத் தூக்கி நட்டுட்டாங்க. அதோட விட்டாங்களா? "வீட்டுக்காரி மொதல்ல வரணும்லா"ன்னு ஒரு சித்தி சொல்ல, நாலு பேரு என் நாற்காலியைத் தூக்கிட்டாங்க. சப்பரத்துல சாமியைத் தூக்குத மாதிரி தூக்கி, படிக்கு அங்கிட்டு எறக்கி வச்சாங்க. கைதட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆனந்தக் கண்ணீருன்னு நெனச்சுக்கிட்டாங்க, ஆக்கங்கெட்டவங்க. எனக்குக் கோவம் வந்தாத்தான் அழுகை வரும்.

தம்பி சொன்ன பலகையையும் பாத்துருவோமேன்னு மறுநாள் படிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு சாய்ச்சு வச்சு நானே உந்தி ஏறினேன். முன்சக்கரம் படியைத் தாண்டி அந்தரத்துல நிக்கி, பின்சக்கரம் வழுக்குது, நான் நடுவுல ஆடுதேன். தம்பி ஓடி வந்து பிடிக்கலைன்னா பல்லு போயிருக்கும். அதோட பலகைக் கதை முடிஞ்சுது.

செந்தில்முருகனைக் கூப்பிட்டேன். "அந்தப் படியை அறுத்து எடுத்துரு தம்பி."

"எக்கா, என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யுதேன். பூசை போட்டு வச்ச நிலையில ரம்பத்தை வைக்கச் சொல்லாதிய. வீட்டுக்காரவளுக்கும் ஆகாது, அறுத்தவன் குடும்பத்துக்கும் ஆகாது."

"நீ சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு. அது மட்டும் ஆகுமா?"

மறுநாள்லருந்து அவன் போனையே எடுக்கல. ஆளும் வரல, கொத்தனாரும் வரல, சித்தாளும் வரல. மனையில சுவர் கெடையாது, கூரை கெடையாது, நடுவுல நிலை மட்டும் ஒத்தையா நிக்கி. நாலு பக்கமும் வெட்டவெளி. என் வீட்டுக்குள்ள நான் எந்தப் பக்கமா வேணும்னாலும் போலாம், வாசல் வழியா மட்டும் போக முடியாது. போறவன் வாரவன் எல்லாம் நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போனான்.

வேற ஆளுகளைக் கூட்டியாந்து காட்டினேன். அஸ்திவாரத்தை இடிக்கணுமா, இடிக்கேன்னாங்க. தரையைத் தோண்டணுமா, தோண்டுதேன்னாங்க. அந்தப் படியை மட்டும் அறுத்துருங்கன்னா, ஆளாளுக்கு ஒரு கல்யாண வீடு, ஒரு காதுகுத்துன்னு ஞாபகம் வந்துரும். கடைசியில பேட்டையில மரப்பட்டறை வச்சிருக்க ஹாஜா பாயைக் கூப்பிட்டேன். அவருக்கென்ன லட்சுமியும் சாஸ்திரமும்னு ஒரு தைரியம்தான்.

அவரு நிலையைச் சுத்திச் சுத்தி வந்தாரு. தட்டிப் பாத்தாரு. "அருமையான மரம்க்கா. அறுக்கது ஒரு வேலையே இல்ல. ரெண்டு காலையும் தரையோட இறுக்கிப் பிடிச்சுட்டா நிலை அசையாது. ஆனா இன்னொருத்தன் பூசை போட்டு வச்ச நிலையில நான் கை வச்சேன்னு வைங்க, நாளைக்கு ஒரு கொத்தனாரும் என் பட்டறைப் பக்கம் வர மாட்டான். தொழில்ல ஒரு மரியாதை இருக்குல்லா. செந்தில் என் முன்னால நின்னு சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாளே ரம்பத்தோட வாரேன்."

அவன் எங்க சிக்குதான்? ஏரல்ல அவன் வீட்டுக்குத் தம்பியை அனுப்பினேன். நாகர்கோவில்ல வேலைன்னாங்க. நாகர்கோவில்ல கேட்டா ஏரலுக்குப் போயிட்டான்னாங்க. ரெண்டு மாசம் இப்படியே ஓடிட்டு. எனக்கு மனசு விட்டுப் போச்சு. படிக்கட்டு வீட்லயே கெடந்து சாவோம், சவத்தை விடுன்னுகூடத் தோணிச்சு. அப்பத்தான் சித்ரலேகா காலண்டரைப் பாத்துட்டு, பங்குனி உத்திரத்துக்கு நம்ம சாஸ்தா கோயிலுக்குக் காரா வேனான்னு தம்பிகிட்டக் கேட்டா. எனக்குப் பொறி தட்டிட்டு.

நம்ம பக்கத்துல எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவனவன் குலசாமி சாஸ்தா முன்னால ஆஜர் ஆகணும். பம்பாயில இருக்கவனே ரயிலேறி வந்துருதான். போனுக்கு ஒளியலாம், எனக்கு ஒளியலாம். சாஸ்தாவுக்கு எங்க போய் ஒளிவான்? அவங்க சாஸ்தா ஏரலுக்குத் தெக்க குளத்தங்கரையில, உடமுள்ளு மண்டின உடங்காட்டுக்குள்ள இருக்காருன்னு அஸ்திவாரம் தோண்டும்போது அவனே சொல்லியிருந்தான்.

"நம்ம சாஸ்தாவை விட்டுட்டு அடுத்தவன் சாஸ்தாவுக்குப் போறியேக்கா"ன்னு தம்பி தலையில கைய வச்சான்.

"நம்ம சாஸ்தாகிட்ட நீ சொல்லிரு. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

ஹாஜா பாய் தன் குட்டியானை வண்டியில என் நாற்காலியை ஏத்திக்கிட்டுப் பின்னால வந்தாரு. நான் முன்னால ஸ்கூட்டர்ல. ஆத்தை ஒட்டியே ரோடு. வயலு, வாழை, ஸ்ரீவைகுண்டம், பெறகும் வாழை. வெயிலு மண்டையைப் பொளந்துச்சு. வழி பூரா வேன் வேனா சனம், எல்லாம் அவங்கவங்க சாஸ்தாவைத் தேடிப் போவுது. சட்டை பூரா புழுதி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வந்துச்சோ, ஆரனை அடிச்சுக்கிட்டே போனேன்.

உடங்காட்டுக்குள்ள வண்டித்தடம் நல்லா இறுகிப் போயி இருந்துச்சு. ஸ்கூட்டரை நேரா கோயில் வரைக்கும் விட்டேன். கோயிலுன்னா கட்டடம் இல்ல. வேப்பமரத்தடியில சாஸ்தா பீடம், தள்ளி மாடன் பீடம், சுத்தி ஒரு பந்தல். அடுப்பு வச்சு வரிசையாப் பொங்கல் பொங்குது. செந்தில்முருகன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, நெத்தி பூரா திருநீறோட, குனிஞ்சு அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தான். நிமுந்தவன் என்னைப் பாத்தான். அடுப்பு ஊதுகொழலு கையிலருந்து கீழ விழுந்துட்டு.

அவன் அம்மா பேச்சித்தாய் எந்திரிச்சு வந்தா. நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. "யாரும்மா நீங்க? வெயில்ல வந்திருக்கிய. மோரு குடிங்க. ஏளா, ஒரு எலையைப் போடு"ன்னு உபசாரம் பண்ணுதா.

"சாப்பிட வரல ஆச்சி. ஒங்க மகன்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். கேட்டுட்டுச் சாப்பிடுதேன்."

சனம் கூடிட்டு. செந்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். பீடத்துல சூடம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவன் தாய்மாமன் சங்கிலிபூதத்தான்தான் பூசாரி. எல்லாருக்கும் கேக்க மாதிரி நான் சொன்னேன்: "செந்தில், நான் கேட்ட மாதிரிதான் என் வீட்டு நிலையை வச்சேன்னு அந்தச் சூடத்துல அடிச்சு ஒரு வார்த்தை சொல்லு. வந்த வழியே போயிருதேன். அந்தப் படியைப் பத்தி இனி ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டேன்."

அவன் மடிச்சுக் கட்டின வேட்டியை அவுத்து விட்டான்.

"சொல்லேம்லே. சொல்லிட்டாப் போச்சு"ன்னா பேச்சித்தாய். அவளுக்கு விசயம் தெரியாது.

அவன் சூடத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். கண்ணு கலங்கிட்டு. "சொல்ல முடியாதும்மா. அக்கா படி வேண்டாம்னுதான் சொன்னாவ. நான்தான் வச்சேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் வச்சேன்." அப்பறம் என் பக்கம் திரும்பினான். "தப்புத்தான்க்கா. ஆனா அறுக்கப் பயமா இருக்கு. எனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளையளு. அதுகளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் எங்க போவேன்?"

அதுவரைக்கும் எனக்கு அவன் மேல இருந்தது கோவம். அந்த நிமிசத்துல அது பாதியாக் கொறைஞ்சு போச்சு. பயந்தவனை என்னத்த ஏச? பயம் எனக்கும் தெரியும். படிக்கட்டுல என்னைத் தூக்குதவன் கால் இடறிருமோன்னு தெனமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எறங்கினவ நான்.

ஸ்கூட்டரைப் பைய உருட்டி, பீடத்துக்குப் பக்கத்துல கொண்டு நிறுத்தினேன். கையை நீட்டிச் சூடத்துக்கு மேல வச்சேன். சுட்டுது. எடுக்கல.

"சாஸ்தாவே, நான் நீலாம்பாள். ஒமக்கு என்னைத் தெரியாது, நான் வேற சாஸ்தாவைக் கும்பிடுதவ. நீரும் இங்கன வாசப்படி இல்லாமத்தான் உக்காந்திருக்கீரு, அதனால நான் சொல்லது ஒமக்கு வெளங்கும். அந்தப் படியை அறுக்கச் சொல்லுதது நானு. அறுக்கவன் கை என் கை. அதுல ஒரு குத்தம் உண்டுன்னா அது இவனுக்கும் வேண்டாம், இவன் பிள்ளையளுக்கும் வேண்டாம். என் வீடு, என் வாசல், என் தலையில வரட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

சங்கிலிபூதத்தான் என் கையைப் பிடிச்சு நெருப்புலருந்து விலக்கினாரு. திருநீறை அள்ளி என் நெத்தியில பூசினாரு, பெறகு செந்தில் நெத்தியில பூசினாரு.

பேச்சித்தாய் மகன் பக்கம் திரும்பினா. "கேட்டியாலே? பொம்பளைப்பிள்ளை உன் குடும்பத்துக் குத்தத்தையும் சேத்து வாங்கிக்கிட்டா. இன்னும் நீ வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு நிக்கியே."

செந்தில் ஹாஜா பாயைப் பாத்தான். "வாங்க பாய், ரெண்டு பேரும் போய் அறுப்போம். மொத இழுப்பு நான் இழுக்கேன். வச்சவன் கைதான் எடுக்கணும்."

அதுக்குப் பெறகுதான் எலையில உக்காந்தேன். அப்படி ஒரு பொங்கலை நான் ஆயுசுல சாப்பிட்டதில்ல.

சொன்ன மாதிரியே ரம்பத்தோட வந்தாங்க. செந்தில் சாமி கும்பிட்டுட்டு மொத இழுப்பு இழுத்தான். பெறகு ரெண்டு பேருமா மாறி மாறி அறுத்து முடிச்சாங்க. அறுத்த படியை ஒரு மஞ்சத்துணியில சுத்தித் தோள்ல தூக்கிட்டுப் போய் ஆத்துல விட்டுட்டு வந்தான். வந்து, நிலைக்காலு ரெண்டையும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினான். அதுக்கப்பறம் அவன் பாத்த வேலை இருக்கே, ஒரு நாள் ஆள் வராம நிக்கல. பங்குனியில தரையோட கெடந்த வீடு ஆவணிக்குப் பால் காய்ச்ச நிக்குது. அடுப்பு மேடைக்குக் கீழ என் முட்டி பிசகாம உள்ள போவுது.

பால் காய்ச்சுக்கு அதே சொந்தபந்தம், அதே வேன். "படி இல்லாத வீட்ல லட்சுமி எங்கன உக்காருவா?"ன்னு அந்தப் பெரியப்பா கேட்டாரு. "உள்ள சோபா போட்ருக்கேன் பெரியப்பா. தடுக்கி விழாம வரட்டும்"னேன். முன்னால விட்ட பசுமாடு, பொதுவா வாசல்ல நின்னு அடம் பிடிக்கும், இது நேரா நடந்து உள்ள போயிட்டு. அடுத்தது நான். பழக்க தோசத்துல தம்பி பின்னால வந்து நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சான்.

"கையை எடு தம்பி."

எடுத்துட்டான். சரிவுல ஒரு உந்து, வாசல்ல ஒரு உந்து. சக்கரம், படி இருந்த எடத்துல பதிச்ச கருங்கல்லுல சத்தமே இல்லாம உருண்டு போச்சு. உள்ள போயிட்டேன். திரும்பினேன், வெளிய வந்தேன். மறுபடியும் உள்ள போனேன். மறுபடியும் வெளிய. ஐயர் "அம்மா, நேரம் போவுது"ங்காரு. போனாப் போவுது, எனக்குத் திருப்தி ஆவாண்டாமா? செந்தில்முருகன் ஓரமா நின்னு, துண்டை வச்சு முகத்தை மூடிக்கிட்டு அழுதான். அவனுக்குச் சந்தோசம் வந்தா அழுகை வரும் போல.

மத்தியானம் பந்தி முடிஞ்சு, ஆளாளுக்கு வெறுந்தரையில படுத்துக் கொறட்டை விட ஆரம்பிச்சாங்க. தம்பி பாயில மல்லாந்து கெடந்தான். நான் பைய கதவைத் தொறந்தேன். வெளிய வந்தேன். சாத்தினேன். சரிவுல எறங்கி, தெரு முக்குல டீக்கடை வரைக்கும் உருட்டிக்கிட்டே போனேன். ஒரு டீ சொன்னேன். குடிச்சு முடிக்கப் போற நேரம் போன் அடிச்சுது. தம்பி.

"அக்கா, எங்க இருக்க? வீடு பூரா தேடுதோம்."

"வெளிய வந்திருக்கேன்."

"வெளியவா? யாரு தூக்கிவிட்டா?"

"யாரும் தூக்கல. வந்தேன்."

போனை மடியில வச்சேன். நான் இன்னொரு டீ சொன்னேன்.